கேயோ ரிவ்யூ: பென்ரித் ஜெயிச்ச நாலு ஃபைனலையும் முழு ரீப்ளேல பாருங்க, மினி வேணாம்

ரக்பி லீக் சீசன் முடிஞ்ச அப்புறமும் நான் கேயோ சந்தாவ நிறுத்தாம வச்சிருக்கேன்னா அதுக்கு முக்கியமான காரணம் வெஸ்டர்ன் சிட்னி டீமான பென்ரித் பேந்தர்ஸ். லைவ் மேட்ச் பாக்க எப்படி இருக்கு, படம் தெளிவா வருதான்னு எழுத நிறைய பேர் இருக்காங்க, நான் இங்க எழுதப் போறது ரீப்ளே பத்தி மட்டும் தான். 2021லேந்து 2024 வரைக்கும் வரிசையா நாலு வருஷம் கப்பு தூக்குன டீம் அது, ஆஸ்திரேலியா ரக்பி லீக் போட்டிக்கு என்ஆர்எல்னு பேரு மாறுன 1998க்கு அப்புறம் வேற யாரும் அத செஞ்சதில்ல, அதுக்கு முன்னாடி பாத்தா செயின்ட் ஜார்ஜ் 1956லேந்து 1966 வரைக்கும் வரிசையா பதினொன்னு ஜெயிச்சிருக்காங்க, அதுக்கப்புறம் இவங்க தான். இந்த நாலு ஃபைனலையும் 80 நிமிஷமும் உக்காந்து பாக்கணும்ங்கறது தான் என் கட்சி, அதுக்கு இந்த சர்வீஸ் எவ்வளவு உதவுதுன்றது தான் ரிவ்யூ.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம். கேயோ ஆஸ்திரேலியால மட்டும் ஓடற ஸ்போர்ட்ஸ் ஸ்ட்ரீமிங், 2018 கடைசில வந்தது, நம்மாளுங்க பாதி பேரு கிரிக்கெட்டுக்குத் தான் வாங்கிருப்பாங்க. ஆஸ்திரேலியாவுக்கு வெளிய இருக்கறவங்களுக்கு வாட்ச் என்ஆர்எல்னு தனியா ஒண்ணு இருக்கு. வெஸ்டர்ன் சிட்னில வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் நம்ம குடும்பங்க இவ்ளோ பேர் இருக்கோம், அங்கேந்து ரயில் ஏறினா பென்ரித் கொஞ்ச தூரம் தான், இருந்தும் பக்கத்துல இப்படி ஒரு டீம் சரித்திரம் படைச்சிட்டு இருந்தது நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியவே இல்லங்கறது எனக்கு உண்மையிலயே வருத்தம்.

ஆட்டம் புரியுமான்னு பயப்படாதீங்க. கபடி பாத்து வளந்தவங்களுக்கு இது சட்டுனு பிடிபட்டுடும், ஒருத்தன் மோதிட்டு வருவான், மூணு பேர் சேந்து புடிச்சு அமுக்குவாங்க. டீமுக்கு 13 பேர், ஆறு டேக்கிள் வரைக்கும் பந்து உங்ககிட்ட, அதுக்குள்ள கோல் லைன் தாண்டி பந்த தரைல வச்சா ட்ரை, 4 பாயிண்ட், அப்புறம் உதைச்சு கம்பத்துக்கு நடுவுல போட்டா இன்னும் 2, அதுக்குப் பேரு கன்வர்ஷன். முடியலன்னா ஆறாவது டேக்கிளுக்கு முன்னாடி தூரமா உதைச்சிட்டு ஓடிப் போய் எதிராளிய அவன் இடத்துலயே அமுக்கணும். இது போதும், மேட்ச் பாக்க ஆரம்பிச்சிடலாம், மிச்சத்த கமெண்ட்ரியே சொல்லிக் குடுத்துடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கேயோல மினின்னு ஒண்ணு உண்டு, முழு மேட்ச்ச சுருக்கி ட்ரை, பெரிய டேக்கிள், சர்ச்சை மட்டும் கோத்துத் தருவாங்க. ரொம்ப பாப்புலர், ஆஃபீஸ் போற வழில ட்ரெய்ன்லயே பாத்து முடிச்சிடலாம். வேற டீம்களுக்கு அது சரியா இருக்கலாம், பென்ரித்துக்கு அது சுத்தமா பத்தாது. ஏன்னா இந்த டீம் ஜெயிச்சது ட்ரை போட்டதால மட்டும் இல்ல, ட்ரை போட விடாததால. தன்னோட கோல் லைன்ல நின்னு ஆறு டேக்கிள், மறுபடி ஆறு டேக்கிள், எழுந்திரு, லைன்ல நில்லு, மறுபடி ஆறு டேக்கிள். அப்புறம் பந்து கையில கிடைச்சதும் பிரையன் டோஓவும் டிலன் எட்வர்ட்ஸும் முதல் ரெண்டு ஓட்டத்துலயே பத்து பத்து மீட்டரா தள்ளிட்டு வெளிய வருவாங்க, அஞ்சாவது டேக்கிள்ல நேதன் கிளியரி உயரமா உதைப்பான், எதிராளி மறுபடி அவன் மூலையிலேந்து ஆரம்பிக்கணும். இதுல எதுவும் மினில வராது. சுருக்கம் பாத்தவங்க 'அதிர்ஷ்டத்துல ஜெயிச்சாங்கப்பா'ன்னு சொல்றதுக்கு காரணமே இது தான், வேலை நடந்த இடம் எல்லாத்தையும் வெட்டிட்டாங்களே.

2021லேந்து ஆரம்பிங்க. ஆனா அதுக்கு முன்னாடி 2020 ஃபைனல ஒரு தடவ தொட்டுடுங்க, அது தோல்வி தான். அந்த வருஷம் வரிசையா 17 மேட்ச் ஜெயிச்சிட்டு ஃபைனலுக்கு வந்த பசங்க மெல்போர்ன் ஸ்டார்ம்கிட்ட பாதி நேரத்துலயே 22-0 பின்னாடி, கடைசில எழுந்து வந்து 26-20ல முடிஞ்சது. அந்தக் கடைசி 20 நிமிஷத்துல தான் இந்தப் பசங்க யாருன்னு முதல்ல தெரிஞ்சது.

2021ல கோவிட், சிட்னி டீம்கள் எல்லாம் ஊர விட்டுட்டு குயின்ஸ்லாந்துல போய் தங்கி ஆடுனாங்க. லீக் மேட்ச் எல்லாம் முடிஞ்ச அப்புறம் நடக்கற ஃபைனல்ஸ் சுத்துல முதல் மேட்ச்லயே சவுத் சிட்னிகிட்ட 16-10 தோத்துட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு தோல்வின்னா வீட்டுக்கு. குயின்ஸ்லாந்துல இருக்கற மெக்காய் ஊர்ல பாரமாட்டாவோட 8-6. அடுத்து அந்த சீசன்ல வரிசையா 19 ஜெயிச்சிருந்த மெல்போர்ன 10-6. அப்புறம் ஃபைனல்ல மறுபடி சவுத் சிட்னி, 14-12. கணக்கு போட்டுப் பாருங்க, மூணு நாக்அவுட் மேட்ச்ல பென்ரித் எடுத்தது 32, விட்டது 24, அவ்ளோ தான் இடைவெளி. மெக்காய் மேட்ச்ல பாரமாட்டா அட்டாக் பண்ணிட்டு இருக்கும்போது அடிபட்ட ஒரு பிளேயருக்காக பென்ரித் ட்ரெய்னர் உள்ள வந்து ஆட்டம் நின்னது, அது இன்னைக்கும் பாரமாட்டா ஆளுங்களுக்கு ஆறாத விஷயம், அவங்க கோவத்துல நியாயம் இருக்குன்னு தான் நானும் சொல்வேன். ஆனா அந்த 80 நிமிஷத்தையும் பாத்தா அந்த ஒரு சம்பவத்தால மட்டும் முடிவான மேட்ச் இல்லன்னும் புரியும்.

ஃபைனல் 2021 அக்டோபர் 3, பிரிஸ்பேன் சன்கார்ப் ஸ்டேடியம். முதல் ட்ரை பென்ரித்தோட மேட் பர்ட்டன், பாதி நேரத்துல 8-8. ரெண்டாவது பாதில ரொம்ப நேரம் யாருக்கும் ஒண்ணும் விழல, மினில இந்த இடம் சில விநாடில போயிடும், முழு ரீப்ளேல பாக்கும்போது தான் ரெண்டு டீமும் எப்படி மூச்சு வாங்கிட்டே நிக்கறாங்கன்னு தெரியும். அந்த களைப்புல தான் சவுத் சிட்னியோட கோடி வாக்கர் குறுக்க ஒரு நீள பாஸ் போடறார், பென்ரித்தோட ஸ்டீபன் கிரைட்டன் அத நடுவுல பறிச்சிட்டு நேரா ஓடிப் போய் வச்சிடறான். கன்வர்ஷனோட 14-8. சுருக்கத்துல அது வாக்கரோட தப்பு மாதிரி தெரியும், முழுசா பாத்தா அதுக்கு முன்னாடி பென்ரித் டிஃபென்ஸ் லைன் எவ்ளோ வேகமா முன்னாடி ஏறி வந்துட்டு இருந்ததுன்னு தெரியும், யோசிக்க நேரமே குடுக்கல.

அப்புறம் கடைசி அஞ்சு நிமிஷம். அலெக்ஸ் ஜான்ஸ்டன் மூலைல ட்ரை, 14-12. ஆடம் ரெனால்ட்ஸ் அந்த மூலைலேந்தே உதைச்சு சமன் பண்ணணும், சவுத் சிட்னிக்கு அவரோட கடைசி மேட்ச், சின்ன வயசுலேந்து அந்த ஏரியாவுலயே வளந்த ஆளு. பந்து வெளிய போயிடுச்சு. அதோட விட்டாரா, கடைசில டூ பாயிண்ட் ஃபீல்ட் கோல் முயற்சி வேற, அதாவது ஆட்டம் ஓடிட்டு இருக்கும்போதே தூரத்துலேந்து கம்பத்துக்கு நடுவுல உதைக்கறது, அந்த ரூல் அந்த வருஷம் தான் வந்துச்சு, அதுவும் எட்டல. நான் பென்ரித் ஆளு தான், இருந்தாலும் அந்த இடத்துல ரெனால்ட்ஸ் முகத்தப் பாக்க கஷ்டமா இருக்கும். இந்த ஆள ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

2022 பத்தி அதிகம் எழுத ஒண்ணும் இல்ல, ஏன்னா மேட்ச்சே ஒரு பக்கமா தான் போச்சு. எதிராளி பாரமாட்டா, பக்கத்து ஊரு, 1986க்கு அப்புறம் கப்பே பாக்காத டீம், சீசன்ல பென்ரித்த ரெண்டு தடவ தோக்கடிச்சவங்க, அதுல ஒரு மேட்ச்ல கிளியரிய டேஞ்சரஸ் டேக்கிளுக்காக ரெட் கார்டு மாதிரி வெளிய அனுப்பிட்டாங்க. அதனால எல்லாரும் நெருக்கமா இருக்கும்னு நினைச்சாங்க. பாதி நேரத்துல 18-0. பிரையன் டோஓ ரெண்டு ட்ரை. முடிவு 28-12, அந்த 12ம் ஆட்டம் கைய விட்டுப் போன அப்புறம் கடைசில வந்தது. இதுல பாக்க வேண்டியது டிலன் எட்வர்ட்ஸ மட்டும். ஃபுல்பேக், அதாவது எல்லாருக்கும் பின்னாடி கடைசியா நிக்கறவன், ஆளு பாக்க பெரிய ஸ்டார் மாதிரியே இருக்க மாட்டான், பேட்டிலயும் ரெண்டு வார்த்தைக்கு மேல வராது, ஆனா கேமராவ அவன் மேல மட்டும் வச்சு 80 நிமிஷம் பாத்தீங்கன்னா எங்க பந்து விழுதோ அங்க நிப்பான். பாரமாட்டாவோட பெய்லி சிமன்சன் மூலைக்கு ஓடறான், ட்ரை உறுதின்னு தோணுது, எட்வர்ட்ஸ் எங்கேந்தோ குறுக்க வந்து தள்ளிடறான். மேன் ஆஃப் தி மேட்ச்சுக்குக் குடுக்கற கிளைவ் சர்ச்சில் மெடல் அவனுக்குத் தான், சரியான முடிவு. அந்த வருஷம் என்ஆர்எல் மட்டும் இல்ல, கீழ இருக்கற ரிசர்வ் கிரேடு, ஜெர்சி ஃபிளெக், எஸ்ஜி பால்னு ஜூனியர் கப்பும் எல்லாம் பென்ரித்துக்கே. வெளியூர்லேந்து காசு குடுத்து வாங்குன டீம் இல்ல இது, டோஓ, லுவாய், கிரைட்டன் எல்லாம் மவுண்ட் ட்ரூயிட் பக்கத்து பசங்க, சிட்னில அந்த ஏரியா பேரச் சொன்னாலே சிலர் மூஞ்ச சுளிப்பாங்க, அங்கேந்து வந்து தான் இத்தனையும்.

இப்ப 2023. நண்பர்களே, ஒரே ஒரு மேட்ச் தான் பாக்க நேரம் இருக்குன்னா இத பாருங்க. அக்டோபர் 1, அக்கோர் ஸ்டேடியம், எதிராளி பிரிஸ்பேன் பிராங்கோஸ், அவங்க கேப்டன் யாரு, அதே ஆடம் ரெனால்ட்ஸ். பாதி நேரத்துல பென்ரித் 8-6. திரும்ப வந்ததும் எஸ்ரா மாம்னு ஒரு சின்னப் பையன் பத்து நிமிஷம் கூட ஆகாம அடுத்தடுத்து மூணு ட்ரை, மூணும் பாக்க அவ்ளோ அழகு, எல்லாத்தையும் ரெனால்ட்ஸ் உள்ள உதைச்சார், 24-8. போதாததுக்கு ஏற்கனவே தோள்பட்டை அடியோட வந்த ஜெரோம் லுவாய் வெளிய போயிட்டான், பதிலுக்கு பெஞ்ச்லேந்து ஜாக் காகர். ஃபைனல்ல 16 பாயிண்ட் பின்னாடி இருந்து யாரும் அதுவரைக்கும் ஜெயிச்சதில்ல, 1999ல மெல்போர்ன் 14-0லேந்து திரும்பி 20-18 ஜெயிச்சது தான் எல்லாரும் சொல்ற பழைய கதை.

இந்த இடத்துல ரீப்ளேவ ஓட்டாதீங்க, தயவு செஞ்சு. 24-8 ஆன உடனே என்ன பண்றாங்கன்னு பாருங்க. பதட்டத்துல கண்டபடி பாஸ் போடல, கூடிப் பேசறாங்க, திரும்ப வந்து அதே வேலை, அதே ஓட்டம், அதே உதை. சுமார் 62வது நிமிஷம் மோசஸ் லியோட்டா, முன்வரிசைல மோதற ப்ராப்பு, அவ்ளோ பெரிய ஆளு, கிளியரி வழி பண்ணிக் குடுக்க உள்ள புகுந்துட்டான். அப்புறம் கிளியரி ஒரு 40/20, அதாவது தன் பக்கம் 40 மீட்டர் கோட்டுக்குள்ள நின்னு உதைச்சு எதிராளி பக்கம் 20 மீட்டருக்குள்ள பந்து தரைல பட்டு வெளிய போகணும், போனா பந்து திரும்ப நமக்கே. கிராண்ட் ஃபைனல்ல தோத்துட்டு இருக்கும்போது அத முயற்சி பண்றதுக்கே நெஞ்சுல தெம்பு வேணும். அங்கேந்து கிரைட்டன் ட்ரை, பென்ரித்துக்கு அவனுக்கு அது கடைசி மேட்ச். 24-20. கடைசி நாலு நிமிஷத்துக்குள்ள கிளியரி தானே பந்த வச்சுக்கிட்டு கால மாத்தி வெட்டி ஓடிப் போய் ட்ரை, தானே உதைச்சு 26-24.

இந்த 20 நிமிஷத்த மினிலயும் பாக்கலாம், ஏன் யூடியூப்லயும் துண்டு துண்டா கிடைக்கும், கிளியரி ஒரு ஆளே ஜெயிச்சுக் குடுத்த மாதிரி தெரியும், கிளைவ் சர்ச்சில் மெடலும் அவனுக்கே குடுத்தாங்க, தப்பில்ல. ஆனா முழுசா பாத்தா இன்னொன்னு தெரியும், அந்த நேரத்துல பிராங்கோஸுக்கு பந்து கையில கிடைச்சப்போ எல்லாம் அவங்கள மூலையிலேந்து வெளிய வரவே விடல. ஐசா யோ, ஃபிஷர் ஹாரிஸ், லியோட்டா, இவங்க டேக்கிள் பண்ண டேக்கிள் பண்ண பிராங்கோஸ் பசங்க காலு நின்னுபோச்சு. கிளியரிக்கு அந்த இடம் கிடைச்சதே அதனால. என் வாதத்துக்கு இதவிட பெரிய சாட்சி வேணாம்.

2024, அக்டோபர் 6, எதிராளி மறுபடி மெல்போர்ன், 2020 கணக்கு பாக்கி இருந்தது. அந்த சீசன் லீக் டேபிள்ல முதல் இடம் மெல்போர்ன் தான். ஹேரி கிராண்ட் முதல் ட்ரை போட்டு 6-0, அதுக்கப்புறம் மெல்போர்னுக்கு மொத்த மேட்ச்லயும் ஒரு பாயிண்ட் கூட இல்ல. சுனியா துருவா, லியாம் மார்ட்டின், ரெண்டாவது பாதில பால் அலமோட்டி, முடிவு 14-6. நடுவுல மெல்போர்னோட ஜாக் ஹோவர்த் பந்த தரைல வச்சாரா இல்லையான்னு ஒரு சர்ச்சை, வீடியோ பாத்து முடிவு சொல்ற பங்கர்ல ட்ரை இல்லன்னு சொல்லிட்டாங்க. ரீப்ளேல நிறுத்தி நிறுத்திப் பாருங்க, கீழ எத்தன கை இருக்குன்னு பாருங்க, மெல்போர்ன் ரசிகர் கோவப்படறதுல அர்த்தம் இருக்கு, ஆனா அத்தன பேர் அந்த ஒரு பந்துக்கு அடில போய் விழுந்திருக்காங்கங்கறது தான் எனக்குப் பெரிசு. கிளியரி அடிபட்ட தோளோட தான் ஆடினான். மெடல் லியாம் மார்ட்டினுக்கு, மேட்ச் முழுக்க மோதிட்டே இருந்த ஆளு. லுவாய், ஃபிஷர் ஹாரிஸ், துருவா மூணு பேரும் வேற டீமுக்குப் போறது முன்னாடியே முடிவான விஷயம், அதனால கடைசி விசில் அடிச்ச அப்புறம் ஒரு பத்து நிமிஷம் ரீப்ளேவ ஓட விடுங்க, அவங்க ஒருத்தர ஒருத்தர் கட்டிப்புடிச்சு நிக்கறத பாக்க எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்ட அடைக்குது.

சரி, சர்வீஸ் எப்படி. எனக்குப் புடிச்ச முக்கியமான விஷயம் நோ ஸ்பாய்லர்ஸ் செட்டிங், ஆன் பண்ணா ஸ்கோர மறைச்சிடும். முன்னாடி வேற ஒரு ஆப் வச்சிருந்தேன், பேரு வேணாம், படத்துலயே யாரு ஜெயிச்சாங்கன்னு போட்டு வச்சிருப்பாங்க, மொத்த சுவாரசியமும் அங்கயே போயிடும். புதுசா ஆட்டம் பாக்கற வீட்டு ஆளுங்களுக்கு 2023 ஃபைனல போட்டுக் காட்டணும்னா முடிவ சொல்லாம காட்டுங்க, 24-8ல அவங்க எழுந்து போகப் பாப்பாங்க, புடிச்சு உக்கார வைங்க. டைம்லைன்ல முக்கியமான இடங்களுக்கு குறி போட்டிருக்கும், ரெண்டாவது தடவ பாக்கும்போது அந்த 40/20 மாதிரி இடத்துக்கு நேரா போக உதவும், முதல் தடவ அத தொடாதீங்க. ஸ்ப்ளிட் வியூன்னு ஒரே திரைல பல மேட்ச் ஓட்டற வசதியும் இருக்கு, ரீப்ளேக்கு அது தேவையே இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது, கிராண்ட் ஃபைனலும், நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதற ஸ்டேட் ஆஃப் ஆரிஜினும் லைவ்வா சேனல் நைன்ல தான் வரும், ஃப்ரீயா, கேயோல அதெல்லாம் மேட்ச் முடிஞ்ச அப்புறம் ரீப்ளேவா தான். அதனால ஃபைனல் அன்னைக்கு மட்டும் பாக்கறவங்க காசு செலவு பண்ண வேணாம். வாரா வாரம் லீக் மேட்ச் பாக்கணும், பழசையும் திரும்ப திரும்ப பாக்கணும்னா தான் பிரயோஜனம். விலை அடிக்கடி மாறுது, பிளான் பாத்துட்டு வாங்குங்க. தமிழ் கமெண்ட்ரி கிடையாது, ஆனா பிளேயர் பேரும் டேக்கிள் எண்ணிக்கையும் காதுல விழுந்தாலே போதும், அப்பா அம்மாவுக்கும் ரெண்டு மேட்ச்ல பழகிடும்.

ரேட்டிங் கேட்டா முழு ரீப்ளேக்கு அஞ்சுக்கு அஞ்சு, மினிக்கு பென்ரித் விஷயத்துல ரெண்டு.

நாலையும் முடிச்சவங்க 2025ஐயும் விட்டுடாதீங்க. மார்ச்ல லாஸ் வேகஸ் போய் குரோனுல்லாவ 28-22 ஜெயிச்சு ஆரம்பிச்சாங்க, அப்புறம் வரிசையா தோத்து சீசன் பாதில டேபிள்ல கடைசி இடம், பழைய ஸ்டேடியத்த இடிச்சுக் கட்டறதால சொந்த கிரவுண்டும் இல்லாம பாரமாட்டால ஹோம் மேட்ச். அங்கேந்து வரிசையா ஒன்பது ஜெயிச்சு ஏழாவதா உள்ள வந்து, ஆக்லாந்து போய் வாரியர்ஸ 24-8, அப்புறம் புல்டாக்ஸ 46-26. ப்ரிலிமினரி ஃபைனல், அதாவது கிராண்ட் ஃபைனலுக்கு முந்தின மேட்ச், பிராங்கோஸோட அதே சன்கார்ப்ல, பாதி நேரத்துல 14-0 முன்னாடி, அப்புறம் 14-14, கன்வர்ஷன் எடுக்க வந்தவர் ஆடம் ரெனால்ட்ஸ், இந்த தடவ உள்ள போச்சு, 16-14. அடுத்த வாரம் ஃபைனல்ல மெல்போர்ன 26-22 ஜெயிச்சு கப்பும் தூக்கினார். என் டீம் தோத்த மேட்ச் தான், ஆனா 2021 ஃபைனல முழுசா பாத்துட்டு உடனே இத போடுங்க, ரெண்டுக்கும் சேத்து மூணு மணி நேரம் ஒதுக்கி வைங்க, சனிக்கிழமை மத்தியானம் சரியா இருக்கும்.